கடித ஓரத்து அரபுத் தமிழ்: வளைகுடாப் பிரிவின் தொடர்பாடல் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சென்ற வருடம் தரம் 10 பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் பயிற்சி ஒன்று கொடுத்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு ஊர்ப் புதினங்களை எழுத வேண்டும். எங்கள் பகுதியில் இது கற்பனைப் பயிற்சி அல்ல. வகுப்பில் பாதிப்பேரின் வீட்டில் யாராவது ஒருவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார். ஆனாலும் பின்வாங்கில் இருந்த ஒரு மகள் அரை மணி நேரமாகியும் சலாத்துக்குக் கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. அவளுடைய உம்மா ரியாதில் வீட்டு வேலை செய்கிறார். போய் மூன்று வருடம்.

"ஏன் மகள் எழுதல்ல?"

"உம்மா டெய்லி கோல் எடுக்கிற சேர். எழுதுறதுக்கு ஒண்டும் இல்ல."

"கோல்ல என்ன கதைக்கிறீங்க?"

"சாப்பிட்டயா எண்டு கேப்பா. ஓம் எண்டுவன். பொறகு ஃபோனத் தம்பிட்ட குடுத்திருவன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். எனக்குத்தான் அன்று முழுக்க அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. 1987இல் என்னுடைய உம்மா குவைத்துக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. ஒரு கடிதம் போய் அதற்குப் பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் எழுத ஒன்றுமில்லை என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. கடதாசிதான் போதாமற் போகும்.

ஒரு மாதம் எடுத்த பேச்சு இன்று ஒரு நொடியில் நடக்கிறது. அப்படியிருந்தும் பேச்சு ஏன் இப்படி வற்றிப்போனது? இந்தக் கேள்வியை முன்வைத்து, எங்கள் கரையோரக் கிராமங்களில் கடந்த நாற்பத்தைந்து வருட காலத்தில் பிரிந்திருந்தவர்கள் எவ்வாறு பேசிக்கொண்டார்கள் என்பதைக் குறித்துவைக்க விரும்புகிறேன். நமது சமூக வரலாற்றில் அரசியலுக்கும் கல்விக்கும் நாம் கொடுத்த இடத்தில் சிறு பங்கையாவது இதற்கும் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தறியிலிருந்து விமானத்துக்கு

எங்கள் கிராமம் மருதமுனைக்கு அயலில் உள்ளது. கைத்தறி என்றால் மருதமுனை என்று நாடே அறிந்திருந்த காலம் ஒன்று இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்தவரை உள்ளூர்ச் சாரனுக்கும் சேலைக்கும் சந்தை இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிய, நூல் விலை ஏற, தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எங்கள் வாப்பாவிடம் இருந்த இரண்டு தறிகளில் ஒன்று கோழிக்கூட்டுக்குச் சட்டமாகிப் போனதை நான் கண்ணால் கண்டவன்.

அதே காலத்தில், 1973இன் எண்ணெய் விலையேற்றத்தால் செல்வம் பெருகிய வளைகுடா நாடுகளுக்கு ஆள் தேவைப்பட்டது. முதலில் ஆண்கள் போனார்கள். கட்டட வேலைக்கும் சாரதி வேலைக்கும். 1980களில் வீட்டுப் பணிப்பெண்களாகப் பெண்கள் போகத் தொடங்கினார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் நாட்டிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையோர் பெண்களாக இருந்தனர்.

கிழக்கிலே கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியிருப்பதுதான் வழக்கம். வீடு பெண்ணுக்கு உரியது. ஆகவே உம்மா வெளிநாடு போனால் வீட்டை நடத்துவது அந்த உம்மாவின் உம்மா. என்னையும் தங்கச்சியையும் வளர்த்தது எங்கள் உம்மும்மாதான்.

கூடி வாசிக்கும் வழக்கம்

கடிதத்தை ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது நம்மவரிடையே வளைகுடாக் காலத்தில் தோன்றிய வழக்கமன்று. சித்திலெவ்வை அவர்கள் 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியபோது எழுத்தறிந்த முஸ்லிம்கள் குறைவு. பத்திரிகை கையில் கிடைத்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதுதான் அக்காலத்து வாசிப்பு. அடுத்த மாதமே எகிப்தின் ஒராபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கொழும்பு வந்திறங்கினார். தூரதேசத்துச் செய்தி ஒன்று இவ்வாறு கண்முன் வந்து நின்றபோது, பத்திரிகையைச் சுற்றிக் கூடிய கூட்டமும் பெருகியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

நம் பெண்களின் எழுத்தறிவு பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பாடசாலை வாசலை மிதிக்காத பெண்களை எழுத்தறியாதோர் என்று கணக்கெடுப்பில் பதிந்துவிடுவது வழக்கம். ஆனால் அவர்களிற் பலர் ஓதப் பள்ளியில் குர்ஆன் ஓதப் படித்தவர்கள். அரபு எழுத்துத் தெரியும். அந்த எழுத்தோடு தமிழுக்குரிய ட, ப, ச போன்ற ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டி அமைத்த சில எழுத்துகளும் சேர்ந்ததே அரபுத் தமிழ். பேருவளை ஷெய்கு முஸ்தபா வலியுல்லாஹ் அவர்களும் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய மார்க்க நூல்களை எழுதியது இந்த எழுத்தில்தான். நூல் வழக்கில் அது அருகிய பின்னரும் வீட்டுப் பெண்களின் கையில் நெடுநாள் உயிரோடிருந்தது. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, ஓதல் குறிப்பு, கடிதம் என்று அவர்கள் அதை எழுதினார்கள். எங்கள் உம்மும்மாவுக்குத் தமிழில் கையெழுத்துப் போடத் தெரியாது. அரபுத் தமிழில் பக்கம் பக்கமாக எழுதுவார்.

எட்டு வயதுக் கடிதக்காரன்

நான் மூன்றாம் வகுப்பில் நன்றாக வாசிப்பேன். அதனால் எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, எங்கள் வளவைச் சுற்றியிருந்த ஐந்தாறு வீடுகளுக்கும் நான்தான் கடிதம் வாசிப்பவன், எழுதுபவனும் நானே. சிவப்பு நீலக் கரை போட்ட எயார் மெயில் உறை வந்த செய்தி தபால்காரரின் சைக்கிள் திரும்புமுன்னே பரவிவிடும். அஸருக்குப் பிறகு முற்றத்தில் பாய் விரித்துவிடுவார்கள். சாச்சி, மாமி, அடுத்த வீட்டு ராத்தா எல்லாரும் வந்து இருந்த பின்தான் உறையைப் பிரிக்கலாம்.

ஒரு தரம் வாசித்தால் போதாது. முதல் தரம் எல்லாரும் கேட்பார்கள். இரண்டாம் தரம் இடையிடையே நிறுத்தச் சொல்வார்கள். "அந்த இடத்தத் திருப்பிச் செல்லு மகன், 'கொஞ்சம் சுகமில்லாம இருந்து இப்ப பரவாயில்ல' எண்டு எழுதிரிக்காளா, 'கொஞ்சம் சுகமில்ல' எண்டு எழுதிரிக்காளா?" ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேச்சு நடக்கும். எழுத்து கோணியிருந்தால் கை நடுங்கியிருக்கிறது என்பார்கள். மூன்றாம் தரம் உம்மும்மாவுக்கு மட்டும், இரவு, குப்பி விளக்கில்.

பதில் எழுதுவது இன்னும் பெரிய வேலை. உச்சியில் 786, பிறகு சலாம், பிறகு 'இங்கு நாங்கள் அனைவரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம்' என்ற வாசகம். இது ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் ஒன்றே. அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொல்வார்கள். பூசணிக் கொடி காய்த்தது, மாடு கன்று போட்டது, மச்சானுக்குப் பெண் பார்த்தது, வாடைக் கடலில் மீன் படாதது. காசு வந்து சேர்ந்த கணக்கும் இருக்கும்.

இந்தக் காட்சியைச் சொல்லி அந்தக் காலம்தான் பொற்காலம் என்று நிறுவ நான் வரவில்லை. கடிதத்தில் பலதும் மறைந்திருந்தது. எட்டு வயதுப் பையனிடம் ஒரு பெண் தன் கணவனுக்கு என்ன சொல்லி எழுதுவிக்க முடியும்? முற்றத்தில் பத்துப்பேர் கேட்கப்போகும் கடிதத்தில் குவைத்தில் இருப்பவள் தன் துயரத்தை எப்படி எழுதுவாள்? எங்கள் தெருவில் ஒரு பெண் இரண்டு வருடமாக 'நல்ல இடம், நல்ல மனிசர்' என்றே எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதங்களை முற்றத்தில் வாசித்தவன் நான்தான். திரும்பி வந்தபோது அவருடைய முன்னங்கையில் சூட்டுத் தழும்பு நீளமாக இருந்தது.

இந்த மறைவுக்கு எங்கள் உம்மும்மா ஒரு வழி வைத்திருந்தார். நான் எழுதி முடித்த கடிதத்தை வாங்கி, இடப்பக்கம் விட்டிருந்த ஓரத்திலும் அடியிலும் அரபுத் தமிழில் நுணுக்கி எழுதுவார். எனக்கு அப்போது குர்ஆன் ஓதத் தெரியும். எழுத்துக் கூட்டினால் வாசிக்கலாம். எட்டிப் பார்த்தால் கையால் மூடிக்கொள்வார். "இது எனக்கும் எண்ட மகளுக்கும் உள்ள கதை." ஆண்பிள்ளைகள் தமிழ் படித்து உத்தியோகத்துக்குப் போன காலத்தில், பின்தங்கிய எழுத்தென்று கருதப்பட்ட ஒன்று தாய்க்கும் மகளுக்கும் இடையே தனிப்பாதையாக இருந்திருக்கிறது.

கெசட்

வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் முதலில் கொண்டுவந்தது ரேடியோ கெசட். கெசட் நாடா 1963இலேயே உலகுக்கு அறிமுகமாகிவிட்டது. எங்கள் ஊருக்கு வந்தது 1980களின் தொடக்கத்தில். பாட்டுக் கெசட்டின் மேல்மூலையில் ஒரு சிறு தகட்டை உடைத்திருப்பார்கள், அழிந்துவிடாமல் இருக்க. அந்தப் பள்ளத்தைக் கடதாசி வைத்து அடைத்தால் அதிலே மறுபடியும் பதியலாம். அப்படி எத்தனையோ பாட்டுகளின் மேல் நாங்கள் எங்கள் குரலைப் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புபவர்களின் கையில் கொடுத்தனுப்பினோம்.

ஒரு பக்கத்துக்கு அரை மணி. அந்த அரை மணியை நிரப்ப வேண்டும் என்பதே ஒரு கட்டாயம். முதல் ஐந்து நிமிடம் எல்லாருக்கும் வெட்கம். பிறகு வாப்பா இருமுவார், தங்கச்சி பைத்துப் படிப்பாள், பள்ளிவாசல் பாங்கு தானாக வந்து பதிவாகும், கோழி கொக்கரிக்கும். அந்தச் சத்தங்களைத்தான் உம்மா அதிகம் கேட்டாராம். அவர் அனுப்பும் கெசட்டிலும் அவருடைய குரலுக்குப் பின்னால் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். இரவில், வேலை முடிந்த பின், குசினிக்குள் இருந்து பதிவாராம். உம்மும்மா ரேடியோ கெசட்டின் முன்னால் இருந்து அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே கேட்பார். "ஓ மகள்... சரி மகள்..."

எண்பத்தொன்பதாம் ஆண்டு வந்த ஒரு கெசட்டில் உம்மா எனக்கென்று ஒரு கதை சொல்லியிருந்தார். காட்டில் வழிதவறிய ஒரு மான்குட்டியின் கதை. கதை முடிந்ததும், "இத ராவில படுக்கக்குள்ள கேளு மகன்" என்று ஒரு வார்த்தை. நாடா இழுபட்டுக் குரல் தடிக்கும்வரை அதைக் கேட்டேன். எல்லாக் கெசட்டுகளும் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் போயின.

இரண்டு பக்கமும் மௌனம்

1990ஆம் ஆண்டை நமது சமூகம் மறக்காது. ஜூன் 11 அன்று கிழக்கில் மீண்டும் யுத்தம் மூண்டது. எங்களுக்குத் தபால் வருவது நின்றது. ஓகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. மறுநாள், ஓகஸ்ட் 3 வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுதுகொண்டிருந்தவர்கள் மீது ஆயுததாரிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாகினர். ஒரு வாரம் கழித்து ஏறாவூர். ஒக்டோபர் கடைசியில் வட மாகாண முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டனர்.

இந்த நிகழ்வுகள் தனித்தனி அத்தியாயங்களாக எழுதப்பட்டுள்ளன. நான் சொல்ல வருவது, ஓகஸ்ட் 2இற்கும் 3இற்கும் இடையிலுள்ள இருபத்துநான்கு மணித்தியாலம் எங்கள் ஊர்ப் பெண்களின் வாழ்வில் என்னவாக இருந்தது என்பதை. குவைத்தில் இருந்தவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று இங்கே தெரியாது. கிழக்கில் இருந்தவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று அங்கே தெரியாது. கேட்டுத் தெரிய ஒரு வழியும் இல்லை.

உம்மா மற்றப் பெண்களோடு பஸ்ராவுக்கும் அங்கிருந்து பக்தாதுக்கும், பிறகு ஜோர்தான் எல்லைக்கும் வந்தார். பாலைவனத்தில் கூடார முகாம். அங்கே சந்தித்த ஒரு பெண் சொல்லித்தான் கேள்விப்பட்டாராம், "கிழக்கில பள்ளிக்குள்ள வெச்சு ஆக்களச் சுட்டுட்டாங்களாம்" என்று. எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. ஊர்ப் பெயர் தெரியாத அந்தச் செய்தியோடு அம்மானில் பத்து நாட்கள் இருந்திருக்கிறார். செப்டம்பர் கடைசியில் கொழும்பு வந்து, ஒக்டோபர் நடுவில் ஒரு லொறியில் ஊர் வந்து சேர்ந்தார்.

மூன்று வருடச் சாமான்களையும் கடைசி ஐந்து மாதச் சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்தவரின் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. உள்ளே நாங்கள் எழுதிய கடிதங்கள். பின்னர் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1991இல் அமைத்த இழப்பீட்டு ஆணைக்குழு, குவைத்திலிருந்து வெளியேறியவர்களுக்கு நிலையான தொகையாக 2,500 அல்லது 4,000 டொலர் வழங்கியது. உம்மாவுக்கும் கிடைத்தது. அந்தக் காசில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டோம்.

கண்ணாடிக் கூட்டிலிருந்து கைக்கு

1990களில் பட்டினங்களில் 'கொமியூனிகேஷன்' கடைகள் வந்தன. 1996இல் சாச்சி ஜித்தாவுக்குப் போனபோது நாங்கள் கல்முனைக்குப் போய்க் கதைத்தோம். முன்கூட்டியே கடிதத்தில் நாளும் நேரமும் சொல்லியிருப்பார். கடையிலே கண்ணாடிக் கூடு. தலைக்கு மேலே சிவப்பு இலக்கங்கள் ஓடும். இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே கதைப்பதால் ஒருவரும் வீண் பேச்சுப் பேசமாட்டோம். "நல்லமா, நல்லம்" என்று சொல்லவே இரண்டு நிமிடம் போய்விடும் என்பது வேறு கதை. ஆனால் அந்த நான்கு நிமிடத்துக்காக ஐந்துபேர் குளித்து உடுத்து, பஸ் ஏறிப் போய், வாங்கில் இருந்து காத்திருந்தோம். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

கையடக்கத் தொலைபேசி இந்நாட்டுக்கு 1989இலேயே வந்துவிட்டாலும் எங்கள் கரையில் பரவியது 2002 யுத்த நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான். பிறகு ஐமோ வந்தது. 2016 கடைசியில் வாட்ஸ்அப்பிலும் முகம் பார்த்துக் கதைக்கும் வசதி வந்தது. சில வளைகுடா நாடுகளில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால் எங்கள் பெண்கள் ஐமோவை விடவில்லை.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பது அநியாயம். சூட்டுத் தழும்போடு வந்த அந்தப் பெண்ணின் கையில் அன்று ஒரு கையடக்கத் தொலைபேசி இருந்திருந்தால் ஒரு படம் போதும். குடும்பத்தார் மறுநாளே பணியகத்துக்குப் போயிருப்பார்கள். இன்று அப்படிப் பலர் மீண்டு வருகிறார்கள். 2020இல் கொரோனாக் காலத்தில் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட அந்த மாதங்களில், முகத்தையாவது காண வைத்தது அந்தச் சின்னத் திரைதான். 2021 மார்ச் 5 அன்று ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி பிறந்த பின்னும், பலர் திரையில்தான் மண் போடுவதைக் கண்டார்கள். திரை காட்டக்கூடியதைக் காட்டியது. சந்தூக்குக்குத் தோள் கொடுக்க முடியவில்லையே என்று அழுதவர்களுக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கூடி நிற்பது என்றால் என்ன என்பதை அந்த ஒரு வருடம் நமக்குக் கற்பித்தது.

2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது வேறொன்றைக் கண்டேன். இரவு எட்டு மணிக்கு எங்கள் தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். ஃபோனில் சார்ஜ் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மகனுக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரக வருத்தம் என்பதை அன்றுதான் அறிந்தேன். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையே ஒரு மதில்தான் இருக்கிறது. மின்சாரம் சீரானதும் கதவுகள் மூடிக்கொண்டன, எனதும்தான்.

இந்த வரலாற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கடிதத்துக்கு ஒரு கடதாசி அளவு, கெசட்டுக்கு அரை மணி, கண்ணாடிக் கூட்டுக்குச் சிவப்பு இலக்கம். ஒவ்வொன்றிலும் அளவு இருந்தது. அந்த அளவுக்குள் எதைச் சொல்வது என்று யோசித்தோம், அதற்கென்று கூடினோம். கைக்கு வந்த பிறகு அளவு போய்விட்டது. எப்போதும் பேசலாம் என்பதால் எப்போது பேசுவது என்று ஒருவரும் தீர்மானிப்பதில்லை. சிலதுர் ரஹ்ம் என்று நாம் சொல்லும் உறவு பேணலுக்கு, போய் இருந்து பேசும் நேரமும் ஒரு பகுதி. அந்தப் பகுதியை ஒரு சலாம் ஸ்டிக்கரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

திரும்பவும் வாசிப்பவனாக

உம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. கண்ணில் திரை விழுந்து சத்திர சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அந்த மகளின் கடிதக் கதையை அவரிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, சாச்சி வீட்டிலிருந்து தகரப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். சாச்சியின் வீடு பிரதான வீதிக்கு மேற்கே. சுனாமி எட்டாத இடம். அந்தப் பொலித்தீன் பை அப்படியே இருந்தது. இருபத்து மூன்று கடிதங்கள்.

"ஓரத்தில உம்மா எழுதினதப் படி மகன். கண்ணுக்கு ஒண்டும் தெரியுதில்ல."

முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. எழுத்துக் கூட்டி இரண்டு வரி வாசித்திருப்பேன். சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. பாடசாலைக் குழுவில் பரீட்சை நேரசூசி பற்றி ஏதோ. "முதல்ல அதப் பாரு மகன்" என்றார். பார்த்தேன். பதில் போட்டேன். அதற்கு ஒருவர் மறுபதில் போட்டார். நிமிர்ந்தபோது உம்மா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டிருந்தார். "பரவாயில்ல, உனக்கு வேலைதானே" என்றார். அதில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு போனேன். ஃபோனை என் வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டுப் போனேன். முற்றத்தில் பாய் போட்டு இருந்தோம். 1989ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. நடுவில் என்னுடைய பெரிய கோணல் எழுத்தில், 'நான் நன்றாக இருக்கிறேன். நன்றாகப் படிக்கிறேன். உம்மா என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அதற்கு நேரே ஓரத்தில் உம்மும்மா எழுதியிருந்தார்:

"புள்ள ராவில உண்ட சீலையப் போத்திட்டுத்தான் படுக்கான். கேட்டா குளிருதாம் எங்கான். பங்குனி வெயில்ல என்ன குளிரு மகள்."

என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. உம்மாதான் பேசினார். "அதப் படிச்ச அண்டைக்குத்தான் அந்த மான்குட்டிக் கதையச் செல்லிக் கெசட்ல அனுப்பினன்."

அந்தக் கதை ஏன் வந்தது என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு பிள்ளை மறைத்ததை ஒரு கிழவி கவனித்தார், எழுதினார். அதை ஒருத்தி ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் படித்து, நடுச்சாமத்தில் ஒரு குசினிக்குள் இருந்து பதில் சொன்னார். அவர்களிடம் இருந்த கருவி மிக மெதுவானது. கவனிப்பு மெதுவாக இருக்கவில்லை.

மறு வாரம் அந்த மகளைக் கூப்பிட்டேன். "கடிதம் வேணாம் மகள். கோல்ல உம்மாக்குத் தெரியாதது, நீ மட்டும் கவனிக்கிறது, தம்பியப் பத்தி என்ன இருக்கு? அத எழுது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதத் தொடங்கினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் என்ன இருந்தது என்பது அவளுக்கும் அவளுடைய உம்மாவுக்கும் உள்ள கதை. அன்றிரவு அதைத் தன் குரலில் வாசித்து அனுப்பியிருக்கிறாள். திங்கட்கிழமை வந்து சொன்னாள், "உம்மா மூணு தரம் போட்டுக் கேட்டாவாம் சேர்."

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டு அலுமாரியின் அடியிலும் இப்படி ஒரு பை இருக்கக்கூடும். அரபுத் தமிழ் என்றால் ஆலிம்களின் கிதாபுகள் மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் உம்மும்மாக்களின் கை எழுதியதும் அதுதான். அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இப்போது எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள். கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள், படம் எடுத்து வைப்பதற்கு ஃபோனும் உதவும். ஆனால் அதற்கு முன் அவர்கள் பக்கத்தில் இருந்து ஒருமுறை வாசித்துக் கேளுங்கள். அவசரப்படாமல், இரண்டு தரம், மூன்று தரம்.

எங்கள் பையில் இன்னும் பதினொரு கடிதங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கு ஒன்று என்று உம்மா சொல்லியிருக்கிறார்.